விசர் நாயின் மூளையிலிருந்து தடுப்பூசிக் குப்பி வரை

நாய் கடித்தவரிடம் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, "அந்த நாய் இப்ப எங்க?" என்பதுதான். விசர்நோயைப் பற்றி ஆராயும் மிருக வைத்திய வைரசு ஆய்வாளரின் வேலையும் அங்கேதான் தொடங்குகிறது. நாய் உயிரோடிருந்தால் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 10 நாள் போதும் என்கிறது. இலங்கையில் 14 நாள் பார்ப்பது வழக்கம். நாய் செத்துவிட்டால் அதன் தலை கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகும்.

ஏன் தலை? ஏன் இரத்தம் எடுத்துப் பார்க்கக் கூடாது? விசர் வைரசு இரத்தத்தில் பயணிப்பதில்லை. ஏறத்தாழ 180 நனோமீற்றர் நீளமும் 75 நனோமீற்றர் அகலமும் கொண்ட, துப்பாக்கி ரவை வடிவிலான அது, கடிபட்ட தசையில் நரம்பு முனையைப் பற்றிக்கொண்டு நரம்பிழையின் உள்ளேயே மூளையை நோக்கி நகர்கிறது. நாளொன்றுக்குச் சில சென்ரிமீற்றர்தான் வேகம். அதனால்தான் காலில் கடிபட்டவரைவிட முகத்தில் கடிபட்டவருக்கு அவகாசம் குறைவு. மூளையில் பெருகிய பிறகே அது நரம்புகள் வழியே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது.

இந்த வரிசைதான் முழுச் சோதனைக்கும் அடித்தளம். கடித்த நேரத்தில் நாயின் உமிழ்நீரில் வைரசு இருந்திருந்தால், அதற்கு முன்பே மூளையில் இருந்திருக்க வேண்டும். மூளையில் இல்லை என்றால் கடியில் வைரசு இறங்கவில்லை. 14 நாள் கவனிப்பின் காரணமும் இதுவே: உமிழ்நீர்வரை வைரசு வந்துவிட்ட நாய் அதற்கு மேல் நலமாக நடமாடாது.

ஆனால் தலை நல்ல நிலையில் வந்து சேர வேண்டும். கொழும்பு வெயிலில் மூளை ஒரே நாளில் கூழாகிவிடும். இரண்டு பொலித்தீன் பைகளில் கசியாமல் கட்டி, ஐஸ் நிரப்பிய ரிஜிபோம் பெட்டியில் வைத்து உடனே அனுப்புவதே சரி. திசுவைப் பதப்படுத்தும் போமலின் திரவத்தில் ஊறவைத்தால் வழமையான சோதனை பயன்படாது. உறையவைப்பதும் நல்லதல்ல, உருகும்போது திசு சிதையும். நாயின் மண்டையில் அடித்துக் கொல்வது எல்லாவற்றையும்விடக் கேடு. தேவையான பகுதியே நசுங்கிப்போகும்.

தேவையான பகுதி மூளைத்தண்டும் சிறுமூளையும். மூளைத்தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வைரசு இருக்கக்கூடும் என்பதால் குறுக்காக முழு வெட்டு எடுக்க வேண்டும். அந்தப் பகுதி இல்லாமலோ அழுகியோ இருந்தால், ஆய்வாளர் "வைரசு இல்லை" என்று எழுதமாட்டார். "சோதனைக்கு உகந்ததல்ல" என்றுதான் எழுதுவார். கடிபட்டவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

வெட்டிய திசுவைக் கண்ணாடித் தகட்டில் மெல்ல ஒற்றி, உலரவிட்டு, மறை 20 பாகையில் குளிர்ந்த அசிற்றோனில் குறைந்தது அரைமணி நேரம் வைப்பார்கள். பிறகு, வைரசுப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரியை ஒளிரும் சாயம் பிணைத்து இட்டு, ஈரமான பெட்டியில் 37 பாகையில் 30 நிமிடம். கழுவிய பின், ஒளிர்வு நுணுக்குக்காட்டியில் வைரசுப் புரதம் ஆப்பிள்பச்சை நிறப் பொட்டுகளாகத் தெரியும். பக்ரீரியாவும் சில வேளை மங்கலாக ஒளிரும். அதனால் நோயுள்ளதென்றும் இல்லையென்றும் ஏற்கெனவே தெரிந்த இரு தகடுகளை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வைத்தே வாசிக்க வேண்டும். 1903இல் இத்தாலிய மருத்துவர் நேக்ரி நோயுள்ள மூளைக் கலங்களுக்குள் கண்டறிந்த உட்பொருள்களைச் சாதாரணச் சாயத்தில் தேடிய பழைய முறை பல நோயுள்ள மூளைகளைத் தவறவிட்டது. 1958இல் விவரிக்கப்பட்ட இந்த ஒளிர்வு முறை சில மணிநேரத்தில் விடை தருகிறது.

அந்த விடைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. காயத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். வைரசின் வெளியுறை கொழுப்பாலானது. சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். கழுவியதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனித் தடுப்பூசி. நாய்க்குப் போடுவது கொல்லப்பட்ட வைரசு. வளர்ப்புக் கலங்களில் வைரசைப் பெருக்கி, பீற்றா புரோப்பியோலக்ரோன் போன்ற இரசாயனத்தால் அதன் மரபுப்பொருளைச் சிதைக்கிறார்கள். ஒரு துணிக்கைகூட உயிரோடு எஞ்சக் கூடாது. 1960இல் பிரேசிலின் போர்த்தலேசா நகரில், முழுமையாகக் கொல்லப்படாத வைரசு கொண்ட மனிதத் தடுப்பூசியால் 18 பேர் விசர்நோய் கண்டு இறந்தனர். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் உயிருள்ள வைரசு எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். வீரியம் ஒரு டோசுக்குக் குறைந்தது 1 சர்வதேச அலகு இருக்க வேண்டும்.

நோயெதிர்ப்பைத் தூண்ட, இவற்றில் பலவற்றில் அலுமினியம் ஐதரொக்சைட்டு சேர்க்கப்படுகிறது. அது அடியில் படியும். ஒவ்வொரு முறை மருந்தை இழுக்கும் முன்னும் குப்பியைக் குலுக்காவிட்டால் முதல் நாய்க்குத் தண்ணீரும் கடைசி நாய்க்குக் கட்டி மருந்தும் போகும். வைக்க வேண்டிய வெப்பநிலை 2 முதல் 8 பாகை. சூட்டைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள்; உறைவதை மறந்துவிடுகிறார்கள். குளிரூட்டியின் ஐஸ் தட்டை ஒட்டிய குப்பி ஒருமுறை உறைந்தால் அலுமினியத் துணிக்கைகள் திரண்டுவிடும், வீரியம் போய்விடும். உருகிய பிறகு வெறுங்கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல.

அடுத்தது, எத்தனை நாய்களுக்குப் போட வேண்டும் என்ற கணக்கு. ஒரு விசர் நாய் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு நாய்களுக்கே நோயைக் கடத்துகிறது. 1.5 என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தாலே பரவல் அடங்கும். பிறகு ஏன் 70 வீதம் கேட்கிறார்கள்? தெருநாயின் ஆயுள் குறைவு. ஊசி போட்ட நாய்களில் 40 வீதம் ஓராண்டில் செத்து, அவற்றின் இடத்தில் குட்டிகள் வந்தால் 70 வீதம் 42 ஆகக் குறையும். ஆனாலும் 33க்கு மேல்தான். 50இல் தொடங்கியிருந்தால் 30க்கு இறங்கியிருக்கும். மூன்று மாதம் ஆகாத குட்டிகளையும் முகாமில் விடாமல் ஊசி போட வேண்டும் என்பதும் இதனால்தான்.

கொழும்பில் பல நாய்கள் ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லாமல், ஒழுங்கைக்காரர் எல்லோரும் சோறு வைக்க வளர்கின்றன. அவற்றைக் கொண்டுவர ஆளில்லை. வலையோடு தேடிப்போக வேண்டும். ஊசி போட்ட நாய்க்குச் சாயக்குறியோ கழுத்துப்பட்டியோ இட்டு, நாய்கள் வெளியே திரியும் மறுநாள் விடியற்காலையில் எண்ணுவார்கள். நாற்பதில் இருபத்தெட்டுக்குக் குறி இருந்தால் 70 வீதம். வட்டாரம் முழுவதற்கும் ஒரே சராசரி எடுப்பது ஏமாற்றிவிடும். ஒரு தோட்டத்தில் 90, பக்கத்துத் தோட்டத்தில் 30 என்றால் வைரசு அந்த 30இல் தங்கிக்கொள்ளும். ஆகவே ஒழுங்கை ஒழுங்கையாக எண்ணி, குறைந்த இடத்துக்குக் குழுவைத் திரும்ப அனுப்ப வேண்டும்.