சின்ன ராக்கெட்டுக்கு காத்துதான் பிரேக்

"ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் நெருப்பை கக்கிட்டே நேரா வந்து நிக்குதே, சின்ன ராக்கெட்டை ஏன் அப்படி இறக்கறதில்லை?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். ரொம்ப நல்ல கேள்வி. நியூசிலாந்துல மாஹியா தீபகற்பத்துல இருந்து ராக்கெட் லேப் கம்பெனி விடுற எலக்ட்ரான்ங்கிற சின்ன ராக்கெட்டை எடுத்துக்குவோம். 18 மீட்டர் உயரம், கார்பன் ஃபைபர் உடம்பு, எரிபொருளோட சுமார் 13 டன் எடை, மேல கொண்டுபோறது அதிகபட்சம் 300 கிலோதான். இறங்குறதுக்குன்னு எரிபொருளை மிச்சம் பிடிச்சா அந்த 300 கிலோவுலதான் கை வைக்கணும், அப்புறம் சாட்டிலைட்டுக்கு இடமே இருக்காது.

அதனால அவங்க காத்தையே பிரேக்கா வச்சுக்கிட்டாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். ராக்கெட்டோட முதல் அடுக்கு, அதாவது அடியில இன்ஜினோட இருக்கிற பெரிய பகுதி, கழண்டதும், சின்னச் சின்னதா வாயுவை பீய்ச்சி உடம்பைத் திருப்பி, இன்ஜின் இருக்கிற அடிப்பக்கம் கீழ பார்க்கிற மாதிரி விழ வைக்கிறாங்க. வேகம் ஒலியைப் போல சுமார் 8 மடங்கு. சைக்கிளுக்கு காத்தடிக்கும்போது பம்போட அடி சூடாகும்ல, காத்தை நெருக்கினா சூடாகும், இங்க அது ரெண்டாயிரம் டிகிரிக்கு மேல போயிடுது. அப்போ கூர்மையா இருந்தா காத்தைக் கிழிச்சுட்டு தப்பிச்சிடலாம்னுதானே தோணும்? நேர்மாறு! கூர்மையா இருந்தா அந்த சூடு உடம்பை ஒட்டியே வரும், இந்த அடிப்பக்கம் மாதிரி மொண்ணையா இருந்தா நெருக்கின காத்து முன்னாடியே கொஞ்சம் தள்ளி ஒரு சுவர் மாதிரி நின்னுக்கும், சூட்டுல பெரும்பகுதி அந்த காத்தோடயே ரெண்டு பக்கமும் வழிஞ்சு போயிடும். 1950கள்லயே அமெரிக்காவுல ஜூலியன் ஆலன்ங்கிற விஞ்ஞானி கண்டுபிடிச்ச விஷயம் இது. வேகம் குறைஞ்சதும் பாராசூட், அப்புறம் கடல்.

2019 டிசம்பர்லயும் 2020 ஜனவரியிலயும் பாராசூட்டே இல்லாம விழவிட்டு, அந்த சூட்டை உடம்பு தாங்குதான்னு டேட்டா மட்டும் எடுத்தாங்க. நம்ம ஊர்ல ராக்கெட் கடல்ல விழுந்தாலே "காசு போச்சு"ன்னு எழுதிடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம், ஏன்னா அந்த டேட்டாவுக்குத்தான் காசே கொடுக்கிறோம். 2020 நவம்பர்ல முதல் தடவை பாராசூட்ல இறக்கி கடல்ல இருந்து முழுசா தூக்கினாங்க.

உப்புத்தண்ணி இன்ஜினுக்கு எதிரியாச்சேன்னு 2022 மே மாசம் ஹெலிகாப்டர்ல கொக்கி போட்டு நடுவானத்துலயே பிடிச்சாங்க, ஆனா சுமை எதிர்பார்த்த மாதிரி இல்லைன்னு பைலட் விட்டுட்டார், அது கடல்லதான் போய் விழுந்துச்சு. அப்படி கடல்ல விழுந்த ராக்கெட்டோட 9 இன்ஜின்ல ஒண்ணை எடுத்து சரிபண்ணி 2023 ஆகஸ்ட்ல இன்னொரு எலக்ட்ரான்ல மாட்டினாங்க, அது மறுபடி விண்வெளி வரைக்கும் போச்சு.