ஏற்காட்டுக் குரங்கு ஏன் பேசுவதில்லை?

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிள்ளைகளை ஏதோ அனிமேஷன் படத்துக்குக் கூட்டிப் போனாராம். காட்டுக்குள் கரடி கிண்டலடிக்கிறது, அணில் புலம்புகிறது, முள்ளம்பன்றி பெண்டாட்டியிடம் திட்டு வாங்குகிறது, எல்லாம் நல்ல சென்னைத் தமிழில். அடுத்த வாரம் ஏற்காடு மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவின் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்து மகள் கேட்டிருக்கிறாள்: "நம்மள மாதிரியே வாய், நாக்கு, பல்லு எல்லாம் இருக்கே, அது மட்டும் ஏம்ப்பா பேசமாட்டேங்குது?" "அதுக்கு அவ்வளவு அறிவு இல்ல கண்ணு" என்று சமாளித்துவிட்டு, கேள்வியை எனக்குத் தள்ளிவிட்டார்.

அந்தப் பதில் தேறாது. பிள்ளை கண்ணால் பார்த்துச் சொன்ன விஷயத்தை ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ளவே அரை நூற்றாண்டு ஆயிற்று.

நுரையீரல் காற்றைத் தள்ள, குரல்வளையில் குரல்நாண்கள் அதிர்கின்றன. இது பள்ளிப் பாடம். ஆனால் அந்த அதிர்வை மட்டும் தனியாகக் கேட்டால் வண்டு ரீங்கரிப்பதுபோல்தான் இருக்கும். அதை 'ஆ' என்றும் 'ஈ' என்றும் பிரிப்பது தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய். கச்சேரியில் மோர்சிங் வாசிப்பவரைக் கவனித்தால் இது சட்டென்று பிடிபடும். கருவியின் கம்பி நாக்கு ஒன்று, அதன் சுருதியும் ஒன்று. ஆனாலும் அவர் வாய்க்குள் இருக்கும் இடத்தைக் கூட்டிக் குறைக்கும்போது ஒலியின் நிறம் மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு வடிவமும் சில அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டுகிறது, மற்றவற்றை அமுக்குகிறது. வளர்ந்த ஆணுக்கு இந்தக் குழாய் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளம். நாக்கை முன்னால் மேலே தூக்கி 'ஈ' என்றால் 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றும் 2,300 பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு ஒத்ததிர்வுகள், அதாவது குழாய் தூக்கிக் காட்டும் அதிர்வெண்கள், எழும். நாக்கைத் தாழ்த்தி வாயைத் திறந்து 'ஆ' என்றால் அவை 700க்கும் 1,100க்கும் நெருங்கி வந்துவிடும். நாம் உயிரெழுத்து என்று கேட்பது இந்த இடைவெளியைத்தான். சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் 'ஆ' 'ஆ'வாகவே இருப்பது இதனால்தான்.

குரங்கின் குழாய் இதற்கு லாயக்கில்லை என்று 1969ல் அமெரிக்க மொழியியலாளர் பிலிப் லீபர்மன் சொன்னார். குரல்வளை மேலே இருக்கிறது, நாக்கு தட்டையாகக் கிடக்கிறது, வடிவம் மாற இடமில்லை என்பது வாதம். கணக்குக்கு ஆதாரம் இறந்த குரங்கின் தொண்டையில் எடுத்த அச்சு. பாடப்புத்தகங்கள் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லின. 2001ல் முதல் ஓட்டை விழுந்தது: ஐரோப்பியச் சிவப்பு மானின் கிடா கர்ஜிக்கும்போது குரல்வளையை நெஞ்செலும்புவரை இழுத்து இறக்குகிறது என்று விலங்கொலி ஆய்வாளர்கள் டெக்கம்சே ஃபிட்ச்சும் டேவிட் ரெபியும் காட்டினார்கள். தாழ்ந்த குரல்வளை மனிதனுக்கு மட்டுமே உரிய பேச்சுச் சீதனம் இல்லை என்றாயிற்று.

2016ல் ஃபிட்ச்சும் ஆசிஃப் கசன்ஃபரும் உயிருள்ள குரங்கையே எக்ஸ்ரே வீடியோவில் பிடித்தார்கள். மென்றது, உதட்டைச் சப்புக்கொட்டியது, கூவியது எல்லாம் பதிவாயிற்று. தொண்டை எடுத்த வடிவங்களைக் கணினிக்குக் கொடுத்து, இந்தக் குழாயில் மனித அதிர்வைச் செலுத்தினால் என்ன கேட்கும் என்று பார்த்தார்கள். உயிரெழுத்துகள் தனித்தனியாகக் கேட்டன. "என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா" என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தையே குரங்குத் தொண்டையில் பேசவைத்தார்கள். கேட்க எனக்குக் கொஞ்சம் திகிலாகத்தான் இருந்தது. 'ஈ' சரியாக வரவில்லை என்று லீபர்மன் மறுப்பு எழுதினார். இருக்கட்டும், 'ஈ' இல்லாமலும் எவ்வளவோ பேசலாம். அந்தக் குரங்கும் நம் ஏற்காட்டு நாட்டுக்குரங்கும் ஒரே பேரினம்.

குழாய் இருந்தும் பேச்சு வராததற்குக் காரணம் நரம்புப் பாதை. குரல்வளைத் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. மனிதனில், நினைத்ததைச் செய்யவைக்கும் மூளைப் புறணியிலிருந்து (மூளையின் மேலடுக்கு) அந்த அணுக்களுக்கு நேர் நரம்பு போகிறது. குரங்கில் அது இல்லை, அல்லது இருந்தும் இல்லாத மாதிரி. அதன் கூவல் பயம், பசி, கோபம் எழும் பழைய ஆழ்மூளையிலிருந்து வருகிறது. புறணியில் குரல்வளைக்கான பகுதி சேதமானாலும் குரங்கின் கூவல் மாறுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்தப் பழைய பாதை நம்மிடமும் அப்படியே இருக்கிறது. புறணியில் இருபுறமும் வாய், தொண்டைக்கான பகுதி பக்கவாதத்தில் அடிபட்ட சிலர் ஒரு சொல்கூடப் பேச முடியாமல் போவார்கள். வாயைத் திற என்றால் திறக்க வராது. ஆனால் நகைச்சுவை கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பார்கள், துக்கம் வந்தால் குரலெடுத்து அழுவார்கள். பேச்சு போன வழி வேறு, சிரிப்பு வரும் வழி வேறு. வாசகரின் மகள் படம் பார்த்துச் சிரித்தாளே, அந்தச் சத்தம் குரங்கின் கூவல் வரும் பாதையில் வந்தது. குரங்குக்கு எக்ஸ்ரே எடுக்கவா வரிப்பணம் என்று கேட்பவர்கள், பேச்சிழந்த நோயாளியின் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

மைனாவும் கிளியும் எப்படிப் பேசுகின்றன? அவற்றின் ஒலிப்பெட்டி தொண்டையில் இல்லை, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் இருக்கிறது. அதை ஆளும் நரம்பணுக்களுக்கு முன்மூளையிலிருந்து நேர் நரம்பு உண்டு. நம்மோடு எந்த ஒட்டுறவும் இல்லாமல் தனியாகவே முளைத்த வசதி. அப்படியிருக்க, நாக்கைச் சுரண்டி வசம்பு தேய்த்தால் மைனா பேசும் என்று இன்னும் நம்புகிறவர்களை என்ன சொல்வது! வலியைத் தவிர அந்தப் பறவைக்கு ஒன்றும் கிடைக்காது. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

வாய் விஷயத்தில், ஆக, படக்காரர்களைக் குறை சொல்ல அதிகமில்லை. நரம்பு விஷயத்தில்தான் கோட்டை விட்டார்கள். இன்னொன்றில் நிஜத்துக்கு நெருக்கமாகவே இருக்கிறார்கள்: ஒரு விலங்கு சொல்வது இன்னொன்றுக்குப் புரிவது. நீலகிரி மந்தியும் கடமானும் ஆபத்தில் எழுப்பும் ஒலிகளைப் பதிவுசெய்து நாட்டுக்குரங்குகளுக்குப் போட்டுக்காட்டினார்கள் உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும். 2000ல் வெளியான ஆய்வு. வேற்றினத்தின் எச்சரிக்கைக்குக் குரங்குகள் உஷாராயின. அடுத்த முறை ஏற்காடு போகும்போது பொரி, பிஸ்கட் எதுவும் போடாமல், வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் காது கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு குரங்கு 'கெக் கெக்' என்றதும் பக்கத்து மரத்து அணிலும் கத்த ஆரம்பிக்கிறதா என்று மகள் கவனிக்கட்டும்.