ஊட்டிக் குளிரை நம்பி மூட்டை அடுக்காதீர்கள்

"ஊட்டியே ஒரு ஃப்ரிட்ஜ்தானே சார், கோழி கொஞ்ச நேரம் வெளியே இருந்தா என்ன?" புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிடுவார்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் ஓட்டல் ஸ்டோர் பார்த்தே எனக்கு இருபது வருடம் ஓடிவிட்டது. மே மாதப் பகலில் இங்கே 22, 23 டிகிரி இருக்கும். கோழி, மீன், பாலில் கிருமி பெருகாமல் அடங்கிக் கிடக்க 5 டிகிரிக்குள் வேண்டும். நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படுகிறது என்பதற்காகக் கிருமிக்கும் குளிரும் என்று இல்லை.

காலை ஐந்தரைக்குக் கீழேயிருந்து கோழி வண்டி வரும். பில்லைப் பார்க்கும் முன்பே தெர்மாமீட்டரைத் துடைத்து இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் செருகிவிடுவேன். எண் ஓடி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். ஒருநாள் 11-இல் நின்றது. பெட்டி அடியில் ஐஸ் எல்லாம் தண்ணீராகக் கிடந்தது. டிரைவர் தலையைச் சொறிந்தார்: "இத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கேண்ணா, திருப்பி அனுப்பாதீங்க." சமவெளியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியாது. மலையேறி வந்த லோடைத் திருப்ப மனசு வராது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், பில்லில் காரணம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன், லோடைத் திருப்பி அனுப்பினேன். அன்று மதியம் சிக்கன் இல்லை. முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேரட்டில் வேறு கதை. கேத்திப் பக்கம் மெஷினில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட மூட்டை கட்டி வரும். அப்படியே தராசில் வைத்தால் தண்ணீருக்கும் காசு. மூட்டையோடு விட்டால் சீக்கிரமே வழவழத்துவிடும். தட்டில் கொட்டி, நீர் வடிந்த பிறகு எடை போடுங்கள்.

சரி, ஸ்டோருக்கு வருவோம். இங்கே எதிரி வெயில் அல்ல, ஓதம். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டதைப் பார்த்தவர்களுக்கு, சரக்கு தீர்ந்துவிடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை. எனக்கும்தான். அந்தப் பயத்தில் ஒரு ஏப்ரலில் தேவைக்கு மேல் மூன்று மூட்டை நிலக்கடலை வாங்கி, மலையை ஒட்டிய சுவரோரம் தரையிலேயே அடுக்கினேன். ஜூலையில் பிரித்தால் மக்கல் வாடை. கையை விட்டு அள்ளினேன். அடிப்பக்கக் கடலையில் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம், விரலில் பொடியாக ஒட்டியது. மாஸ்டர், "வறுத்தா போயிடும் சார், சட்னிக்குத்தானே" என்றார். போகாது. கடலையில் வரும் சில பூசணங்கள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும். வாணலிச் சூட்டில் முழுதாக அழியாது. எந்தப் பூசணத்தில் நஞ்சு இருக்கிறது என்று கண்ணால் பிரிக்கவும் முடியாது. மூன்று மூட்டையையும் குழி தோண்டிப் புதைத்தோம். தப்பு என்னுடையது.

அதன் பிறகு எல்லா மூட்டையும் பலகை மேல்தான், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. கடலை, மிளகாய், மல்லி பத்து நாளைக்கு மேல் வாங்குவதில்லை. பாதை அடைபட்டால் தாக்குப்பிடிக்க அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் கூடுதலாக இருக்கும். மூட்டை வந்ததும் மார்க்கரில் தேதி. பழசு முன்னால், புதுசு பின்னால். பையன்கள் சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

தேங்காய் எண்ணெய் உறைந்திருப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத்தான் செய்யும். எண்ணெய் டின் இருக்கும் அறைக்கு மட்டும் இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை; கரடிக்கு எண்ணெய் வாசம் நன்றாகத் தெரியும்.