சுன்னத்து, விருத்தசேதனம், நுனித்தோல் நீக்கம்

பள்ளி விடுமுறை வந்தால் பினாங்கு மலாய்க் குடும்பங்களில் 'பெர்கத்தான்', அதாவது ஆண்பிள்ளையின் குறியின் நுனித்தோலை வெட்டி நீக்கும் சடங்கு பற்றிய பேச்சு எழும். 'சுனாட்' என்றும் சொல்வார்கள்; 'மாசோக் ஜாவி' என்பது மலேசிய வடமாநிலங்களின் பழைய வழக்கு. ஜார்ஜ் டவுன் தமிழ் முஸ்லிம்களுக்கு அது சுன்னத்து. விருந்து வைத்துச் செய்தால் சுன்னத்துக் கல்யாணம்.

அரபியில் இதன் பெயர் கித்தான். மலாயின் கத்தான் அதன் வழி வந்ததே. சுன்னத்து என்றால் நபிவழி. அவ்வளவு அகலமான சொல், பேச்சுத் தமிழில் ஓர் அறுவைக்குப் பெயராகச் சுருங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இஸ்லாமியச் சட்டமரபுகளில் (மத்ஹபுகளில்) ஒன்றான ஷாஃபி மத்ஹபில் இது சுன்னத்தே அல்ல, வாஜிப், கட்டாயக் கடமை. ஹனஃபி மத்ஹபில்தான் சுன்னத்து. மலாய்க்காரர்களும் காயல்பட்டினம், கீழக்கரை வழியினரும் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர்கள் ஹனஃபி. ஆனால் தமிழில் இரு தரப்பாருக்கும் சுன்னத்துதான்.

தமிழ் வேதாகமத்தில் விருத்தசேதனம். வளர்ச்சியைக் குறிக்கும் 'விருத்தி'யோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வடமொழியில் விருத்தம் வட்டம், சேதனம் வெட்டுதல். ஆக, சுற்றி வெட்டுதல். ஆதியாகமம் 17இல் ஆபிரகாமுக்குச் சொன்ன எட்டாம் நாள் கணக்கை யூதர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். புதிய ஏற்பாட்டில் பவுலோ இருதயத்தின் விருத்தசேதனமே மெய்யானது என்றார். அங்கே போய் 'தோல் நீக்கம்' என்று மாற்றினால் பொருளே கெட்டுவிடும்.

சரி, தோல் இறுக்கத்துக்காக மருத்துவரிடம் போகும் இந்துப் பையனுக்கு எந்தச் சொல்? 'முன்தோல் நீக்கம்' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு நுனித்தோல் நீக்கமே சரியாகப் படுகிறது. தோல் இருக்கும் இடத்தை அதுதான் காட்டுகிறது. புதுச்சொல்லும் அல்ல, அதே ஆதியாகமம் 17இல் 'நுனித்தோல்' இருக்கிறது.

வாதம் செய்யும்போதும் இந்தப் பொதுச்சொல் உதவும். ஆண்களுக்குப் பெண்கள் வழி எச்ஐவி தொற்றும் வாய்ப்பை இந்த அறுவை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைப்பதாக ஆப்பிரிக்க ஆய்வுகள் காட்டியபின், நோய் மிகுந்த நாடுகளுக்கு 2007இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. மருத்துவக் காரணமின்றிச் சிறுவர்களுக்குச் செய்வதை நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010இல் எதிர்த்தது. பிள்ளையின் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை பிள்ளைக்கே என்பது அவர்கள் கட்சி. 2012இல் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம் இதை உடற்காயம் என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதித்தது. வழக்கில் இருந்தது ஒரு முஸ்லிம் சிறுவன். கொதித்தெழுந்தவர்களில் யூதர்களும் உண்டு. அச்செய்திக்கு 'சுன்னத்து வழக்கு' என்று தலைப்பிட்டால் பாதிப் பேர் விடுபட்டுப்போவார்கள்.