கோதுமை வயலில் ஈரத்தைக் காப்பது எது?

உழவை நிறுத்தினால் ஈரம் நிற்கும் என்று நம்பிக் கலப்பையை ஓரங்கட்டிய கோதுமை விவசாயிகள் பலர், ஓரிரு பருவத்திலேயே மனம் நொந்து பழைய முறைக்குத் திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட வயலில் இறங்கியதும் நான் முதலில் தேடுவது வைக்கோலைத்தான். பெரும்பாலும் அது இருக்காது. எரித்திருப்பார்கள், இல்லையென்றால் தீவனத்துக்கு முழுவதையும் வாரியிருப்பார்கள். உழவும் இல்லாமல், மண்ணைப் போர்த்தும் வைக்கோல் மூடாக்கும் இல்லாமல் கிடக்கும் நிலத்தைவிட, உழுத நிலமே மேல் என்பேன்.

வெறும் மண்ணில் விழும் மழைத்துளி மேற்பரப்பை அடித்து நொறுக்கி, காய்ந்ததும் ஓடுபோல இறுகச் செய்கிறது. அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். உழுத நிலத்தின் மேடுபள்ளமாவது அந்த நீரைச் சற்று நேரம் தேக்கி வைக்கும். வைக்கோல் பரவியிருந்தால் துளியின் வேகம் அதிலேயே தணிந்துவிடும். வெயிலும் காற்றும் மண்ணை நேரடியாகத் தொடாது. அடியில் மண்புழுத் துளைகளும் பழைய வேர்த்தடங்களும் அறுபடாமல் இருப்பதால் நீர் ஆழத்துக்குப் போகிறது. ஒவ்வொரு உழவும் இந்த வழிகளை அறுத்து, ஈரமண்ணைப் புரட்டி வெயிலில் காய வைக்கிறது.

ஆழத்துக்குப் போன நீரின் மதிப்பைக் கோதுமை பூத்த பிறகுதான் உணர முடியும். மணி பிடிக்கும் நாட்களில் மேல்மண் வறண்டுவிடும். பயிர் ஒரு மீட்டருக்கும் கீழே வேரை விட்டு நீரைத் தேடும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பூப்புக்குப் பின் அடிமண்ணிலிருந்து கூடுதலாக எடுத்த ஒவ்வொரு மில்லிமீட்டர் நீருக்கும் எக்டருக்கு ஏறத்தாழ 59 கிலோ மணி கூடுதலாகக் கிடைத்தது. முளைப்பை மட்டும் பார்த்து உழவை மதிப்பிடுவோர் கவனிக்க வேண்டிய எண் இது.

63 நாடுகளின் 610 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வும் உழவை விட்டால் மட்டும் போதாது என்றே காட்டியது. பல பயிர்களையும் சேர்த்துப் பார்த்தால், உழவில்லா முறையில் விளைச்சல் சராசரியாகக் குறைந்தது. ஆனால் பயிர்க்கழிவை நிலத்தில் விட்டு, பயிர்ச்சுழற்சியும் செய்தபோது, வறண்ட மானாவாரி நிலங்களில் விளைச்சல் கூடியது. குளிர்ந்த, நீர் வடியாத களிமண்ணில் அதே முறை முளைப்பைத் தாமதப்படுத்தும். அங்கே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

‘அகல உழுவதிலும் ஆழ உழு’ என்பார்கள். மேல்மண்ணுக்கு அடியில் இறுகிப்போன கடினத் தட்டு உள்ள நிலத்துக்கு அது பொருந்தும். மண் ஈரமாக இருக்கும் நாளில் மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். ஒரு சாண் ஆழத்துக்குள் அது திடீரென முட்டி நின்றால், உழவை நிறுத்தும் முன் ஒருமுறை உளிக் கலப்பை ஓட்டித் தட்டை உடைத்துவிடுங்கள். மண் உலர்ந்திருக்கும்போது ஓட்ட வேண்டும்; ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாமல் கலப்பை கீறிக்கொண்டு போகும்.

மூடாக்குக்கும் சில தொல்லைகள் உண்டு. மட்கும் வைக்கோல் தழைச்சத்தைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்வதால் இளம்பயிர் வெளுக்கும். உரத்தை மேலே தூவாமல், விதைப்புக் கருவியால் விதைக்குச் சற்றுத் தள்ளி மண்ணுக்குள் இடுங்கள். அறுவடை எந்திரம் வைக்கோலை வரிசையாகக் குவித்துச் சென்றால், விதைக்கும் முன் அதைச் சீராகப் பரப்பியாக வேண்டும். குவியலுக்கு அடியில் விழும் விதை மண்ணைத் தொடாமலே கிடந்துவிடும்.