பிரான்சைஸ் பணம் கைக்கு வந்தாலும் அது இந்த வருஷ வருமானம் இல்லை

பிரியாணிக் கடை, டீக்கடை, ஐஸ்கிரீம் பார்லர் என்று ஒரு பெயர் கொஞ்சம் பிரபலமானதுமே பிரான்சைஸ், அதாவது தங்கள் பெயரில் கடை நடத்தும் உரிமையை, மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இப்படிப்பட்ட நிறுவனங்களின் கணக்கை ஆடிட்டுக்கு எடுத்தால் ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அக்ரிமென்ட் போட்ட அன்று வாங்கிய நுழைவுக் கட்டணம் மொத்தத்தையும் அந்த வருஷ வருமானமாக எழுதி வைத்திருப்பார்கள்.

கட்டணம் 10 லட்சம், அக்ரிமென்ட் 5 வருஷம், கையெழுத்து அக்டோபரில், கடை திறந்து உங்கள் பெயரில் வியாபாரம் தொடங்கியது ஜனவரி 1 என்று வைத்துக்கொள்வோம். 60 மாதத்தில் மார்ச் 31 வரை ஓடியது 3 மாதம். ஆக இந்த வருஷ வருமானம் வெறும் 50,000 ரூபாய். மீதி 9,50,000 பேலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கம்தான் நிற்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் விற்றது பெயர்ப் பலகையை மட்டும் இல்லை, அந்தப் பெயரை ஐந்து வருஷமும் விளம்பரம், தரம், புது மெனு என்று நீங்கள் தூக்கிப் பிடிப்பீர்கள் என்று நம்பித்தான் பிரான்சைஸ் எடுத்தவர் பணம் கொடுத்திருக்கிறார். வருமானத்தை எப்போது கணக்கில் காட்டுவது என்பதற்கான, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கணக்கியல் விதியான இண்ட் ஏஎஸ் 115 சொல்வது இதைத்தான். அது பொருந்தாத சின்ன கம்பெனிகள் ஏஎஸ் 9 என்ற பழைய விதியைப் பின்பற்றினாலும், ஐந்து வருஷ வேலைக்கு வாங்கிய பணத்தை ஒரே வருஷத்தில் காட்டுவது சரியில்லை என்பதுதான் என் கருத்து. மெக்டொனால்ட்ஸே 2018-க்கு முன்பு கடை திறந்ததும் மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்த கட்டணத்தை, விதி மாறியதும் பிரான்சைஸ் காலம் முழுக்கப் பரப்ப ஆரம்பித்தது. அங்கே அது பொதுவாக 20 வருஷம்!

அடுப்பு, பாய்லர் மாதிரி தனியாக விற்ற சாமானுக்கான பணம் வேறு, டெலிவரி ஆனதும் அது வருமானம். திருப்பித் தர வேண்டிய டெபாசிட் எப்போதுமே வருமானம் கிடையாது.

ராயல்டி, அதாவது விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு, வேறு மாதிரி. அது 5% என்றால், பிரான்சைஸ் எடுத்தவர் கடையில் விற்பனை நடக்க நடக்க உங்களுக்கு வருமானம். மார்ச் விற்பனைக்கு ஏப்ரல் 10-ந் தேதிதான் பில் போடுகிறீர்கள் என்றாலும் அது மார்ச் கணக்கில்தான் வர வேண்டும். அவர் 10% டிடிஎஸ் (உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி) பிடித்துக்கொண்டு அனுப்பிய தொகையை அப்படியே ராயல்டி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பிடித்தம் போக வந்தது அது, வருமானம் முழுத் தொகை.

அப்புறம் ஜிஎஸ்டி. கணக்கில் கட்டணத்தைப் பரப்பினாலும் 18% வரி முழுப் பத்து லட்சத்துக்கும், பணம் வாங்கும்போதே கட்டியாக வேண்டும், அதாவது 1,80,000. அதனால் ஜிஎஸ்டி ரிட்டர்னும் கணக்குப் புத்தகமும் பொருந்தாது. எங்கே எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. மொத்தமாக வருமானம் காட்டும் வருஷம் லாபம் கொழிக்கிற மாதிரி தெரியும், முதலாளி அதை எடுத்துச் செலவு செய்துவிடுவார், அடுத்த வருஷம் புதுக் கடை சேரவில்லை என்றால் பழைய கடைகளுக்கு ஆள் அனுப்பக்கூடக் காசு இருக்காது. நகையை அடகு வைத்துக் கடை எடுத்தவர்தான் நடுத்தெருவில் நிற்பார்.

பிரான்சைஸ் எடுக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். கொடுப்பது கம்பெனி என்றால் அதன் பேலன்ஸ் ஷீட்டை எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். வருமானத்தில் ராயல்டி எவ்வளவு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.