எத்தனை மணி நேரம் அல்ல, எத்தனை தடவை

"ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் போன் பார்க்கிறேன், இது அதிகமா?" ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். மணிக்கணக்கு முக்கியம்தான், அதிலும் அது தூக்கத்தைத் தின்றால். ஆனால் 'ஒரு பக்கம் படிப்பதற்குள் மனம் எங்கோ போய்விடுகிறது' என்பதுதான் குறை என்றால், நாம் பார்க்க வேண்டிய எண் வேறு: ஒரு நாளில் எத்தனை தடவை போனைத் திறக்கிறீர்கள்? இரண்டு மணி நேரம் ஒரே படத்தைப் பார்ப்பவருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் செலவு. அதையே 80 துண்டுகளாக நாள் முழுக்கத் தூவுகிறவருக்கு மீதி நேரமும் கெடுகிறது.

மனம் ஒரே சமயத்தில் கைவசம் வைத்திருக்கக்கூடியது மிகக் கொஞ்சம். சுமார் 4 விஷயங்கள்தான் என்பது உளவியலாளர் நெல்சன் கவன் 2001இல் முன்வைத்த மதிப்பீடு. ஒரு கணக்கைப் போடும்போது கொடுத்தது, கேட்டது, சூத்திரம், இடையில் வந்த விடை ஆகியவற்றுக்கே அந்த இடம் சரியாகப் போய்விடும். நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தால் அடுக்கு சரிகிறது, முதலிலிருந்து அடுக்க வேண்டும். அதோடு பார்த்ததில் ஒரு பகுதி மனதிலேயே தங்கிவிடுகிறது. வேலையிடக் கவனத்தை ஆராயும் சோஃபி லெராய் 2009இல் இதற்குக் 'கவன எச்சம்' என்று பெயரிட்டார். பாதியில் விட்ட வேலை மனதில் ஒட்டியிருப்பவர்கள் அடுத்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை. பதில் போடாமல் விட்ட ஒரு செய்தி படிப்பைக் கெடுப்பது இப்படித்தான்.

கணினித் திரையில் ஒன்றின் மீது கவனம் நிற்கும் நேரம் 2004 வாக்கில் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்து, அண்மை ஆண்டுகளில் சுமார் 47 நொடியாகச் சுருங்கியதை ஆய்வாளர் குளோரியா மார்க் அளந்து காட்டினார். மூளை பழுதாகிவிட்டது என்று இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அவர் அளந்தது நடத்தையை. பழக்கத்தால் வந்தது பழக்கத்தால் மாறும்.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் எண்ண மட்டும் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' பகுதி எத்தனை தடவை அன்லாக் செய்தீர்கள் என்று காட்டும். ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' பகுதியில் 'பிக்கப்ஸ்' என்று இருக்கும். போனை எடுத்ததும் முதலில் எந்த ஆப்பைத் திறந்தீர்கள் என்பதும் அங்கே தெரியும். கைவைக்க வேண்டியது அந்த ஆப்பில்தான்.

அடுத்தது நோட்டிஃபிகேஷன். பலர் தவறுவது இங்கே: ஒரே நாளில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 'ஏதாவது வந்திருக்குமோ' என்று முன்பைவிட அதிகமாக எடுத்துப் பார்ப்பார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவைச் சேர்ந்த 237 பேர் பங்கேற்றார்கள். நோட்டிஃபிகேஷன்களை நாளுக்கு மூன்று தடவை மொத்தமாகப் பெற்றவர்களுக்குக் கவனம் கூடியது. அறவே நிறுத்தியவர்களுக்கோ பதற்றம்தான் கூடியது. ஆகவே அழைப்பு மட்டும் ஒலிக்கட்டும், 'அவசரம்னா கூப்பிடுங்க' என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். மற்றவற்றின் ஒலி, அதிர்வு, ஐகான் மேல் வரும் எண் மூன்றையும் நிறுத்திவிட்டு, காலை 8, மதியம் 1, இரவு 7 என்பதுபோல நேரம் வைத்துப் பாருங்கள். அதிர்வை மட்டும் விட்டுவைப்பதும் தவறு. போனைத் தொடாவிட்டாலும் நோட்டிஃபிகேஷன் வந்ததை உணர்ந்தாலே வேலையில் பிழை கூடுவதை 2015இல் ஃபுளோரிடாவில் நடந்த ஆய்வு காட்டியது.

இவ்வளவு செய்தும் கை போனுக்குப் போகும். குறுக்கீடுகளில் கணிசமான பகுதி வெளியிலிருந்து வருவதில்லை, நாமே செய்துகொள்பவை. பெரும்பாலும் புரியாத வரி, விடை வராத கணக்கு என்று முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் அது நடக்கும். போனை வேறு அறையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். தேடத் தோன்றியதை அதில் எழுதிவிட்டு வேலையைத் தொடருங்கள், பிறகு மொத்தமாகத் தேடிக்கொள்ளலாம். எழுந்தே ஆக வேண்டும் என்றால் எங்கே நிறுத்தினீர்கள், திரும்பியதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். ஒரு நிமிட வேலை இது. கவன எச்சம் இதனால் குறைகிறது என்று லெராய் 2018இல் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது.

போனைத் தொடாமல் ஒரே வேலையில் இருக்கும் நேரத்தை 20 நிமிடத்தில் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டுங்கள். நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பாருங்கள், போனில் அல்ல. இடைவேளையில் ரீல்ஸ் பார்த்தால் அது இடைவேளையே அல்ல. தண்ணீர் குடியுங்கள், மாடிவரை நடந்து வாருங்கள். முதல் சில நாள் இருப்புக்கொள்ளாமல் இருப்பது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

நான்கு வாரம் சரியாகச் செய்தும் மாற்றமே இல்லையென்றால் போனை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். தூக்கக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு எல்லாமே கவனத்தைக் குலைக்கும். பள்ளி வயதிலிருந்தே இப்படித்தான் என்றால் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் பார்க்க வேண்டும். இணையப் பயன்பாடே கைமீறிப் போனவர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் 'ஷட்' என்ற தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்கிவருகிறது.